மழை விட்ட பிறகு சொட்டும் மரம்: தாகெமிட்சுவின் 'ரெயின் ட்ரீ'யை எப்படிக் கேட்பது?

ஜப்பானிய இசையமைப்பாளர் தோரு தாகெமிட்சுவின் 'ரெயின் ட்ரீ' வீடியோவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் இருட்டில் நின்று எதையோ தட்டுகிறார்கள், பெயரில் மழை இருக்கிறது, காதில் மழை விழவில்லை, தாளம் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை என்கிறீர்கள். இது ஜப்பானிய மரபா, எழுதி வைத்த இசையா, மனம்போன வாசிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்த பிறகும் யாரும் ஏன் சட்டென்று கைதட்டவில்லை என்பது கடைசிக் கேள்வி. இத்தனைக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: என் காதில் கோளாறா, இல்லை கேட்கிற முறையில் கோளாறா? முறையில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் எட்டு வருடம் மிருதங்கம் படித்தேன். அப்புறம் மேற்கத்திய தாளவாத்தியங்களுக்கு மாறி, இப்போது அதைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். இந்தப் படைப்பை மேடையில் ஒரே ஒரு தடவை, வைப்ரஃபோன் பகுதியை மட்டும் வாசித்திருக்கிறேன். ஜப்பானிய மொழி தெரியாது. தாகெமிட்சு எழுதியதையும் அவரைப் பற்றி எழுதப்பட்டதையும் ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். இந்த அளவுக்கு என்னை நம்பினால் போதும்.

முதலில் மழை. 'ரெயின் ட்ரீ' என்பது உண்மையான ஒரு மரத்தின் பெயர். நம் ஊரில் அதற்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். சாலையோரத்தில் குடை மாதிரி விரிந்து நிற்குமே, அதேதான். பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும், வானம் இருண்டாலும் மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மழை மரம் என்று பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். இலை மூடுவதால் மழை நேராக அடியில் இருக்கும் புல்லில் விழுகிறது என்பது ஒன்று. கிளையில் இருக்கும் பூச்சிகள் கசியவிடும் நீர் தூறல் போல விழுகிறது என்பது இன்னொன்று.

தாகெமிட்சு எடுத்துக்கொண்டது மூன்றாவது காரணம். அது அவருடைய நண்பர் கென்ஸாபுரோ ஓயெ 1980-ல் எழுதிய ஒரு சிறுகதையில் வருகிறது. (1994-ல் இலக்கிய நோபல் பெற்ற அதே ஓயெதான்.) கதை ஹவாயில் ஓர் இரவு விருந்தில் நடக்கிறது. தோட்டத்து இருட்டைக் காட்டி ஒரு பெண் அங்கே நிற்கும் மரத்தைப் பற்றிச் சொல்கிறாள். ராத்திரி பெய்த மழை மறுநாள் நண்பகல் தாண்டியும் அந்த மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்குமாம். மற்ற மரங்கள் உடனே காய்ந்துவிட, இது மட்டும் விரல் நுனி அளவுள்ள லட்சக்கணக்கான இலைகளில் ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். எவ்வளவு புத்திசாலி மரம் என்கிறாள். இந்தச் சில வரிகளைத்தான் தாகெமிட்சு தன் ஸ்கோரின், அதாவது எழுதி வைத்த இசைப் பிரதியின், முன்னால் வைத்திருக்கிறார்.

மூடிக்கொள்ளும் இலை எப்படித் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் என்று ஒரு தாவரவியல்காரர் சண்டைக்கு வரலாம். வரட்டும். கதை சொல்பவரே அந்த மரத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. இருட்டில் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றி ஒருவர் சொல்ல, இன்னொருவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்தக் கதையைப் படித்த ஒருவர் 1981-ல் மூன்று தாளவாத்தியக்காரர்களுக்கு இதை எழுதினார். வேடிக்கை என்னவென்றால், ஓயெயின் அடுத்த கதையில் அதே கதைசொல்லி ஒரு கச்சேரிக்குப் போய் இந்த இசையைக் கேட்கிறார். கதை இசையாகி, இசை திரும்பவும் கதைக்குள் போய்விட்டது.

ஆக, மழை கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். இதில் மழை பெய்யவே இல்லை. மழை ராத்திரியே விட்டுவிட்டது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அந்தத் தூவானம்தான் இந்தப் பன்னிரண்டு நிமிடமும். மழை நின்ற பின் ஒரு பெரிய மரத்தடியில் நின்று பாருங்கள். தலையில் ஒரு சொட்டு, தோளில் ஒன்று, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று காற்று ஒரு கிளையை உலுக்கினால் பத்து விநாடிக்குச் சடசடவென்று ஒரு மழை, பிறகு மறுபடி ஒற்றைச் சொட்டு. படைப்பின் போக்கும் ஏறக்குறைய இதுதான். மிக உயர்ந்த ஸ்வரங்களில் தனித்தனித் துளிகளாகத் தொடங்குகிறது, நடுவில் நெருங்கி, கிட்டத்தட்ட ஓட்டம் என்று சொல்லத்தக்க அளவுக்கு அடர்ந்து, பிறகு மெலிகிறது.

இனி அவர்கள் தட்டுவது என்ன என்று பார்ப்போம். இருவர் ஆளுக்கொரு மரிம்பா வாசிக்கிறார்கள், நடுவில் ஒருவர் வைப்ரஃபோன். மூவரிடமும் குரோட்டேல்ஸ் இருக்கிறது. மரிம்பா என்பது மரத்தால் செய்த நீளப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாயைத் தொங்கவிட்டது. வைப்ரஃபோனில் பட்டை உலோகம், காலடியில் பெடல் உண்டு. பெடலை அழுத்தினால் ஒலி நீளும், விட்டால் அடங்கும். குரோட்டேல்ஸ் என்பது உள்ளங்கை அகலமுள்ள தடித்த வெண்கல வட்டுகள். பஜனையில் போடும் தாளத்தின் ஒற்றைக் கிண்ணத்தை ஸ்ருதி சேர்த்துத் தண்டில் மாட்டிவைத்தது போல இருக்கும். பியானோவின் கடைசிக் கட்டைகள் இருக்கும் உயரத்தில் ஒலிக்கும்.

இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குச் சமையலறையே போதும். ஒரு எவர்சில்வர் மூடியைக் குமிழில் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் ஸ்பூனால் மெல்லத் தட்டுங்கள். அடுத்து சப்பாத்திக் கட்டையை அதே பலத்தில் தட்டுங்கள். கட்டை 'டொக்' என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். மூடி பாடிக்கொண்டே இருக்கும். அதைக் காதருகே கொண்டுபோனால் எப்போது நின்றது என்று உங்களால் சொல்ல முடியாது. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் கொஞ்சம் மீதி இருக்கும். கட்டைதான் மரிம்பா, மூடிதான் குரோட்டேல்ஸ். வைப்ரஃபோன் இரண்டுக்கும் நடுவில், நீளமா குட்டையா என்பதை வாசிப்பவரின் கால் தீர்மானிக்கிறது. கால் மட்டும் இல்லை. ஒரு குச்சியால் அடித்துவிட்டு, மறு குச்சியின் நூல் சுற்றிய தலையை அந்தப் பட்டைமேல் பஞ்சு வைப்பது போல வைத்து, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அமர்த்துவோம். பக்கத்து ஸ்வரங்கள் ஒலித்துக்கொண்டிருக்கும். நான் பயிற்சி செய்த இரண்டு மாதத்தில் அடிப்பதற்குச் செலவழித்த நேரத்தைவிட இப்படி அமர்த்துவதற்குச் செலவழித்ததுதான் அதிகம்.

இங்கேதான் மிருதங்கக் காது நம்மைக் காலைவாரி விடுகிறது. நமக்கு ஒலி என்றால் அது விழும் இடம். தொடங்கும் எடுப்பு எங்கே, முடியும் அறுதி எங்கே, தாளச் சுற்றின் முதல் அடியான சமத்துக்கு எத்தனை அட்சரம் பாக்கி என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சொற்கட்டு மூன்று தடவை வந்தால் தீர்மானம், அதாவது முடிப்பு, வரப்போகிறது என்று தொடைமேல் கை தயாராகிவிடும். இதில் மூன்று தடவை வரும், நான்காவதும் வரும், அப்புறம் காணாமல் போகும். நீங்கள் தாளம் போட்டுத் தோற்றது அதனால்தான். அடி விழும் இடத்தை விட்டுவிடுங்கள். ஒலி அடங்கும் இடத்தைக் கேளுங்கள். ஒரு வெண்கலத் துளியைப் பிடித்து அது கரையும்வரை கூடவே போங்கள். அது முழுசாகக் கரையும் முன்பே அடுத்தது வந்து மேலே உட்கார்ந்துவிடும். அந்த மேலடுக்கை எழுதத்தான் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார் என்பது என் கருத்து.

நடுவில் மரிம்பாக்கள் ஓடத் தொடங்கும்போது தெளிவான துடிப்பு கிடைக்கும், அங்கே தாராளமாகக் காலால் தாளம் போடலாம். அந்த இடத்தைக் கேட்டுவிட்டு பாலித் தீவின் காமெலான் (வெண்கலத் தட்டு வாத்தியங்களின் குழு இசை) என்று சிலர் சொல்கிறார்கள். தாகெமிட்சு 1972-ல் பாலிக்குப் போய் காமெலான் கேட்டார், இது உறுதி. அந்தப் பயணத்திலிருந்து நேராக இந்தப் பக்கத்துக்கு ஒரு கோடு கிழிக்கலாமா என்றால், கிழிக்கலாம், ஆனால் பென்சிலால்.

சரி, ராகம்? "எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்றே தெரியவில்லை" என்றும் எழுதியிருந்தீர்கள். நல்ல காது உங்களுக்கு. ஷட்ஜம், சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்று எட்டு ஸ்வரங்களை ஒரு கீபோர்டில் வரிசையாக அழுத்திப் பாருங்கள். அரை, முழு, அரை, முழு என்று படி மாறி மாறி ஏறும். இப்போது கிரக பேதம் செய்யுங்கள், அதாவது அதே ஸ்வரங்களில் வேறொன்றை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். மோகனத்தில் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் மத்யமாவதி வரும், காந்தாரத்தை ஆக்கினால் இந்தோளம். ஆனால் இந்த எட்டில் சாதாரண காந்தாரத்தை ஷட்ஜமாக்கினால் மறுபடி இதே வரிசைதான் வரும். பிரதி மத்யமத்தை ஆக்கினாலும் இதேதான். ஒன்றுவிட்டு ஒன்றாக எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறை. அதனால் எந்த ஸ்வரமும் 'இதுதான் வீடு' என்று உரிமை கொண்டாட முடியாது. ஒலி மிதக்கும், இறங்காது.

பிரான்ஸின் இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் இந்த மாதிரி வரிசைகளைத் தொகுத்து வைத்தவர். தாகெமிட்சு அவரைக் குருவாகவே மதித்தார். 1975-ல் நியூயார்க்கில் அவரைச் சந்தித்து மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். மெஸ்ஸியான் 1992-ல் இறந்தபோது, பியானோவுக்கு எழுதிய 'ரெயின் ட்ரீ ஸ்கெட்ச்' வரிசையின் இரண்டாவதை அவர் நினைவுக்கு எழுதினார். 1982-ல் எழுதிய முதல் ஸ்கெட்சில் மேலே சொன்ன எட்டு ஸ்வர நிறம் நன்றாகத் தெரியும். தாளவாத்தியத்துக்கான 'ரெயின் ட்ரீ'யிலும் அதே நிறத்தைக் கேட்கிறேன். ஆனால் படைப்பு முழுக்க அந்த ஒரு வரிசையில்தான் நடக்கிறது என்று சொன்னால் அது பொய். தேவைப்பட்டபோது வெளியே போய்விட்டு வருகிறார்.

மனம்போன வாசிப்பா என்றால், இல்லை. எழுதிய இசை. தாகெமிட்சு வாசிப்பவருக்கு நிறையச் சுதந்திரம் கொடுத்த காலமும் உண்டு. 1962-ல் பியானோக்காரர்களுக்காக 'கொரோனா' என்று ஒன்றை, ஸ்வரக் குறிகளுக்குப் பதிலாக வண்ணத் தாள்களில் வட்ட வட்ட வரைபடங்களாகவே அமைத்தார். 'ரெயின் ட்ரீ' அந்த இனமில்லை. ஸ்வரம் அவருடையது, எவ்வளவு மெல்ல, எவ்வளவு அழுத்தி என்பதும் அவருடையது. மூவருக்கும் நடுவில் உள்ள கண் சாடையும் மூச்சும்தான் வாசிப்பவர்களுடையது. பார்ப்பவருக்கு அது தன்னிச்சையாகத் தெரிந்தால் நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஜப்பானிய மரபா என்ற கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். வாத்தியங்களில் ஒன்றுகூட ஜப்பானியது இல்லை. வைப்ரஃபோன் 1920-களில் அமெரிக்காவில் பிறந்தது. மரிம்பா ஆப்பிரிக்க வேர், மத்திய அமெரிக்காவில் வளர்ந்து, அமெரிக்கத் தொழிற்சாலையில் மேடைக்கு ஏற்ற உருவம் பெற்றது. ஜப்பானில் அது பரவியதற்கு 1950-ல் லாரன்ஸ் லகூர் என்ற அமெரிக்க மதபோதகர் நான்கு மரிம்பாக்களோடு வந்து இறங்கியது ஒரு முக்கியக் காரணம். அதைப் பள்ளிச் சிறுமியாகக் கேட்டு மயங்கிய கெய்கோ அபே பின்னாளில் உலகின் பெரிய மரிம்பா கலைஞராகி, யமஹா நிறுவனத்தோடு சேர்ந்து வாத்தியத்தையே மாற்றி அமைத்தார். 1960-களிலிருந்து ஜப்பானிய இசையமைப்பாளர்கள் மரிம்பாவுக்கு எழுதிக் குவித்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து முப்பதே வருடத்தில் சொந்தமாகிவிட்ட வாத்தியம் அது.

தாகெமிட்சுவும் மரபில் ஊறி வளர்ந்தவர் இல்லை. 1930-ல் டோக்கியோவில் பிறந்தார், பதினாலு வயதில் போர் வேலைக்கு இழுக்கப்பட்டார். மலைக்குள் இருந்த ராணுவ முகாமில் ஒருவர் ரகசியமாகப் போட்டுக்காட்டிய ஒரு பிரெஞ்சுப் பாட்டின் கிராமஃபோன் தட்டுதான் தன்னை இசைக்குள் தள்ளியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜப்பானிய இசை என்றாலே போரின் கசப்பு நினைவுக்கு வருகிறது என்று வெகுகாலம் அதை ஒதுக்கினார். பெரும்பாலும் தானாகவே படித்துக்கொண்டவர், குரு என்று அடிக்கடி சொன்னது பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியை. பிறகு புன்ராகு பொம்மலாட்டத்தில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் கேட்டு அதிர்ந்து திரும்பினார். 1967-ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குக்காக எழுதிய 'நவம்பர் ஸ்டெப்ஸ்' என்ற படைப்பில் பிவா என்ற தந்தி வாத்தியம், ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் இரண்டையும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா முன்னால் உட்கார வைத்தார்.

அதனால் 'ரெயின் ட்ரீ'யின் இடைவெளிகளை 'மா' என்ற ஜப்பானியக் கருத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இருக்கும் வெறுமைக்கும் உயிர் உண்டு என்பது அதன் சாரம். தாகெமிட்சுவே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆகையால் ஆதாரமில்லாத பேச்சு இல்லை. ஆனால் ஜப்பான்காரர் ஒருவர் இரண்டு விநாடி சும்மா இருந்தாலே 'மா' என்று எழுதிவிடுகிற நிகழ்ச்சிக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். குரோட்டேல்ஸ் சொட்டும் இடங்களில் மௌனம் என்று ஒன்றே இல்லை, வெண்கலம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. வெறுமை என்று காது கடந்துபோகும் இடம் உண்மையில் நிறைந்திருக்கிறது.

விளக்கைப் பற்றி. அது வீடியோ எடுத்தவரின் அலங்காரம் இல்லை. எந்த வாசிப்பாளர் மேல் வெளிச்சம் எப்போது விழ வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று ஸ்கோரிலேயே குறிப்பு இருக்கிறது. நாங்கள் வாசித்தது தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு சின்ன அரங்கில். அரங்கின் மின் வேலைகளைப் பார்த்துக்கொண்டவரிடம் எல்லாம் சொல்லி, தாளில் எழுதியும் கொடுத்திருந்தோம். அன்றைக்கு அவர் வரவில்லை, வேறொருவர் வந்திருந்தார். முதல் இருட்டு வந்ததும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, ஓடிப்போய் அரங்கின் அத்தனை டியூப்லைட்டையும் போட்டுவிட்டார். கூட்டத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். வெளிச்சம்கூடப் பரவாயில்லை, சோக் ரீங்காரம்தான் தாங்கவில்லை. பழைய டியூப்லைட் சோக் நூறு ஹெர்ட்ஸில் இரையும், பியானோவின் கீழ் ஜி ஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலே. வீடே இல்லாத இசைக்கு அந்த மனிதர் ஒரு தம்பூராவைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பெடலை அழுத்தி நீட்டிய ஒவ்வொரு ஸ்வரமும் அந்த ரீங்காரத்தோடு உரசி, ஒன்று சுத்தமாகவும் அடுத்தது அபஸ்வரமாகவும் கேட்டது. இருட்டு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது. ஆள் கை ஓங்குவது தெரிந்தால் காது அடியை எதிர்பார்க்கும். தெரியாதபோது, மரத்தடியில் நிற்பவர் போல, அடுத்த சொட்டு எங்கிருந்து வரும் என்று சும்மா காத்திருக்கும்.

எனவே அடுத்த தடவை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மரிம்பாவின் அடி ஒலி அதில் வராது, குரோட்டேல்ஸ் ஊசியாகக் குத்தும். ஹெட்போன் போட்டுக்கொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, முதல் தடவை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிடித்திருந்தால் 'ரெயின் ட்ரீ ஸ்கெட்ச்', சில நிமிடம்தான், பியானோ. அதற்கப்புறம் புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ப், பியானோ, வைப்ரஃபோன் சேர்ந்த 'ரெயின் ஸ்பெல்', 1982. அவர் அந்த வருடங்களில் மழை, நீர், கடல் என்றே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்டும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் மேல் தப்பில்லை. எனக்கே அவருடைய சில படைப்புகள் இன்னும் ஒட்டவில்லை.

கைதட்டல் விஷயம். கடைசித் துளி விழுந்ததும் வெளிச்சம் போய்விடும், கையைக் கீழே இறக்கிய ஆளும் தெரியாது. வெண்கலம் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கும். அது எப்போது நின்றது என்று மூடியைக் காதில் வைத்துப் பார்த்தீர்களே, அதே பிரச்சினைதான் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும்.